விழாத சைக்கிள்

எங்கள் அண்ணி மிட்சுயோ எதையும் உறுதியாகச் சொல்லி நான் கேட்டதில்லை. அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் திரும்பி ஓடுகிற ரகம். கல்யாணத்தன்று சம்மதமா என்று கேட்டதற்கே கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் தலையாட்டினாள் என்று என் அண்ணன் இன்னும் குறைப்பட்டுக்கொள்கிறான்.

கிஷிவாதா சைக்கிள் பந்தய மைதானத்துக்குப் பின் தெருவில் எங்கள் கடை. ஜனங்கள் பணம் கட்டிப் பார்க்கும் கெய்ரின் பந்தயத்தில் ஓட்டுபவர்கள் கழித்துவிடும் சைக்கிள்களை வாங்கி விற்கிறோம். பிரேக் கிடையாது, கியர் கிடையாது. சக்கரம் சுற்றும் வரை பெடலும் சுற்றும், காலை நிறுத்தவே முடியாது. அண்ணன் லாரி ஓட்டப் போய்விட்டதால் கடை அண்ணி, நாத்தனார் எங்கள் இருவர் தலையில் விழுந்தது. வாயால் விற்பது என் வேலை. இரும்பு ஃபிரேமைத் தடவிப் பார்த்து, இது யார் கைவேலை, எந்தக் காலத்தது, விழுந்து எழுந்ததா என்று கண்டுபிடிப்பது அண்ணியின் வேலை. கண்டுபிடித்தபின் "இருக்கலாம்" என்று ஒரு வால் ஒட்டிவிடுவாள். வாடிக்கையாளர்கள் அவளுக்கு வைத்த பெயரே 'இருக்கலாம் அக்கா'. வியாபாரத்துக்கு இதைவிட ஒரு கெடுதல் வேண்டாம், எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பிப்ரவரியில் ஒரு மத்தியானம் மினோரி வந்தாள். அவள் புருஷன் தெப்பேய் தரவரிசையில் கடைசி வகுப்பில் ஓட்டுகிற கெய்ரின்காரன். நீளமான ஒரு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, குளிரில் மூக்கு சிவக்க நின்றாள்.

"அக்கா, அவரு போன வருஷம் விழுந்தாரே, அந்த வண்டி. ஃபிரேம் செஞ்ச பெரியவரு இனிமே இதைப் பந்தயத்துல எடுக்காதேன்னுட்டாரு. நான் போட்டி முடிஞ்சு திரும்பி வர்றதுக்குள்ள வித்துடுன்னு சொல்லிட்டுப் போயிருக்காரு."

"சுவத்துல மாட்டுற விலைதான் வரும்மா," என்றேன் நான். அடிபட்ட ஃபிரேமை வெளிநாட்டுக்காரர்கள் ஹோட்டல் சுவரில் அழகுக்கு மாட்ட வாங்குவார்கள். ஓட்டுவதற்கு வாங்குகிறவன் தருகிற விலையில் அது ஐந்தில் ஒரு பங்கு தேறினால் அதிகம்.

அண்ணி பையைப் பிரித்தாள். கரும்பச்சை ஃபிரேம், அடியில் பந்தயத்துக்கு ஒப்புதல் தந்த முத்திரை எல்லாம் சரியாக இருந்தது. முன்பக்கம் மோதி விழுந்த வண்டி என்றால் ஹேண்டில்பார் பொருந்தும் இடத்துக்குக் கொஞ்சம் பின்னால், கீழ்க்குழாயின் அடிப்பக்கத்தில் ஒரு சுருக்கம் இருக்கும். பெயின்ட் அதை மூடிவிடும், விரலை ஏமாற்றாது. அண்ணி கண்ணை மூடிக்கொண்டு தடவினாள். கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு மறுபடி தடவினாள். பிறகு நூலை எடுத்து, பின்சக்கரம் மாட்டும் ஒரு முனையிலிருந்து முன்குழாயைச் சுற்றி மறு முனைக்கு இழுத்துக் கட்டி, இரண்டு பக்கமும் இடைவெளியை அளந்தாள். இம்மி வித்தியாசம் இல்லை.

"நல்லா இருக்கே," என்றாள். குரல் ஒரு மாதிரி இருந்தது.

"அய்யோ, அப்ப கூட விலை வருமா?" மினோரி முகம் மலர்ந்தாள்.

"இது விழாத வண்டிம்மா. உங்க வீட்ல இதே மாதிரி இன்னொண்ணு இருக்கா?"

"ரெண்டுதான். ஒரே ஆளு செஞ்சது, ஒரே கலரு. நல்லதை இவரு போட்டிக்கு..." சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நின்றுவிட்டாள்.

போட்டிக்குப் போகிறவர்கள் வண்டியைக் கழற்றிப் பையில் போட்டு முன்கூட்டியே பார்சலில் அனுப்பிவிடுவார்கள். தெப்பேய் பயிற்சிக்குப் போயிருந்தபோது பார்சல்காரன் வந்திருக்கிறான். வாசலில் செருப்பு அலமாரிக்கு இந்தப் பக்கம் ஒரு பை, அந்தப் பக்கம் ஒரு பை. முந்தின நாள் இவள்தான் கூட்டிப் பெருக்குவதற்காக இரண்டையும் நகர்த்தியிருந்தாள். இடப்பக்கத்துப் பையை எடுத்துக் கொடுத்துவிட்டாள்.

"அதுல ஓட்டிட்டிருக்காரா? அதுலயா?" அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நேத்து ஏழாவதா வந்தாரு அக்கா. ஏழு பேர்ல ஏழாவது. நான் டிவியைப் பார்த்துத் திட்டினேன். முட்டாளே, மிதின்னு கத்தினேன்."

போன் பண்ணிக் கேட்கலாம் என்றால் அதுவும் முடியாது. போட்டி முடியும்வரை ஓட்டுபவர்களை உள்ளேயே தங்கவைத்து, போனை வாங்கி வைத்துவிடுவார்கள். யாரும் வெளியாட்களோடு பேசிப் பந்தயத்தை விற்றுவிடக் கூடாது என்பதற்காக. ரொம்ப அவசரம் என்றால் குடும்பத்தார் மைதானத்து அலுவலகத்துக்குப் பேசிச் சேதி சொல்லலாம். அன்றைய பந்தயத்துக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது.

நான் எண்ணைத் தேடிப் போட்டுக் கொடுத்தேன். மினோரி வாங்கவில்லை.

"சொன்னா வெளியே எடுத்துடுவாங்க. இன்னிக்கும் நாளைக்கும் மார்க் போயிடும். இந்த அரை வருஷமும் மார்க் கோட்டுக்குக் கீழே போனா அவரை நீக்கிடுவாங்க, அக்கா. பதினெட்டு வயசுலேர்ந்து இதைத் தவிர ஒண்ணும் தெரியாது அவருக்கு." பிறகு அண்ணியைப் பார்த்தாள். "அந்தப் பெரியவரே நிமித்திக் குடுத்திருக்கலாம் இல்ல? இதுவே அந்த விழுந்த வண்டியா இருக்கலாம் இல்ல? நீங்கதான் எப்பவும் இருக்கலாம்னு சொல்வீங்களே. சொல்லுங்களேன்."

இன்னொரு வண்டியை அண்ணி கண்ணால்கூடப் பார்த்தது கிடையாது. கைதேர்ந்த ஆசாமி ஒருவன் சுருக்கத்தை எடுத்து நிமிர்த்தியிருந்தால் விரலுக்கும் நூலுக்கும் தப்பலாம். அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"போன்ல பேசும்மா," என்றாள் அண்ணி.

மினோரி பேசினாள். திக்கித் திக்கி விஷயத்தைச் சொன்னாள். அந்தப் பக்கத்து ஆள் கேட்ட கேள்வி ஸ்பீக்கரில் எங்களுக்கும் கேட்டது. "ஆய்வுல எல்லாம் சரியாத்தான் இருந்துச்சுங்க. நீங்க சொல்றது நிச்சயமா? நிச்சயமில்லாம ஒரு ஆளை வரிசையிலேர்ந்து எடுக்க முடியாது."

மினோரி வாயைத் திறந்தபடி அண்ணியைப் பார்த்தாள்.

"நிச்சயம்," என்றாள் அண்ணி. கூட ஒரு வார்த்தை இல்லை. "பழைய சைக்கிள் கடைக்காரி பேசறேன். நல்ல வண்டி என் கையில இருக்கு. அவன்கிட்ட இருக்கறது உடைஞ்சு போகும்."

பார்த்துச் சொல்கிறோம், காத்திருங்கள் என்றான் அவன். போனை வைக்காமல் காத்திருந்தோம். பக்கத்துக் கடையிலிருந்து கோழிக்கறி அடை பொசுங்கும் வாசனை வந்தது. டிவியைப் போட்டேன். சப்தத்தைக் கூட்ட யாருக்கும் தைரியம் வரவில்லை.

ஓட்டுபவர்கள் வரிசையாக வெளியே வந்து குனிந்து வணங்கிவிட்டு வண்டியை நிறுத்தினார்கள். வெள்ளைச் சட்டை, கறுப்பு, சிவப்பு, நீலம், மஞ்சள். பச்சை தெப்பேயுடையது. மினோரி இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். மஞ்சளுக்கு அடுத்து ஆரஞ்சு வந்து நின்றது. பச்சை வரவில்லை. போனில் அந்த ஆள், எடுத்துவிட்டோம் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டான்.

மினோரி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை, இரண்டும் சேர்ந்து வந்தது. "என்ன பண்ணிட்டேன் நான், என்ன பண்ணிட்டேன்," என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். நான் தேநீர் போட உள்ளே போனேன். அண்ணி பின்னாலேயே வந்தாள்.

"அண்ணி, உண்மையிலேயே நிச்சயமா?"

"பைத்தியமாடி நீ? எப்படி நிச்சயமா இருக்கும்?" என்று கிசுகிசுத்தாள். "தப்பா இருந்தா அந்தப் பையன் பொழப்பு என்னால போச்சு, சதோமி. போச்சு." கோப்பையை எடுக்கப் போய்க் கீழே போட்டு உடைத்தாள். எத்தனையோ வருஷமாக அவளைக் கேலி செய்த நான் குனிந்து துண்டுகளைப் பொறுக்கினேன்.

பொழுது சாயும் நேரத்தில் மினோரிக்குத் தெப்பேயிடமிருந்து போன் வந்தது. வரிசையிலிருந்து எடுத்தவர்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், அப்போது போனும் கைக்கு வரும். அண்ணி சுவரோடு ஒட்டி நின்றுகொண்டாள். மினோரி ஸ்பீக்கரைப் போட்டாள்.

"என்னங்க," என்றாள்.

"ம்." பின்னால் ரயில்நிலைய அறிவிப்பு கேட்டது. "வண்டியைத் தலைகீழாப் போட்டுப் பார்த்தாங்க. அவங்க கண்ணுக்கு ஒண்ணும் தெரியல."

அண்ணி கண்களை மூடிக்கொண்டாள்.

"அப்புறம் என்னைக் கேட்டாங்க. இந்த வண்டி நல்ல வண்டிதானான்னு. ஆமான்னு சொல்லியிருப்பேன், மினோரி. பையைத் திறந்ததுமே எனக்குத் தெரியும், எது வந்திருக்குன்னு. முதல் நாளே ஆமான்னுதான் சொன்னேன்."

"ஏங்க? ஏன் சொன்னீங்க?"

"இல்லைன்னா காரணம் கேட்பாங்க. பை மாறிப்போச்சுன்னு சொல்லணும். என் வேலை போனா, உன்னாலதான் போச்சுன்னு நீ சாகறவரைக்கும் நெனப்பே. அதுக்குப் பதிலா அதுலயே ஓட்டிடலாம்னு தோணுச்சு." அவன் மூச்சை இழுத்தான். "இன்னிக்கு, உங்க வீட்டுக்காரி லைன்ல காத்துக்கிட்டிருக்காங்கன்னாங்க. அதுக்கு மேல பொய் வரல. அடியில தடவிப் பாருங்கன்னு நானே சுருக்கம் இருக்கற எடத்தைக் காட்டினேன்."

"அப்ப, வேலை?" என்றாள் மினோரி.

"மார்க் போச்சு, முடிஞ்சுது. அதை விடு. நேத்து முழுக்க அந்த வண்டியில காலு நடுங்கிக்கிட்டே இருந்துச்சு, மினோரி. இன்னும் நிக்கல. ஸ்டேஷனுக்கு வரியா? தனியா வீட்டுக்கு வர பயமா இருக்கு."