கேட்டால் நின்றுவிடும் கால்கள்

ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டேன். அதற்குப் பிறகு எந்த இடத்திலும் சேர்ந்தாற்போல் இரண்டு வருஷம் இருந்ததில்லை. அத்திபெலேயில் ரோஜாத் தோட்டம், அப்புறம் கார்மெண்ட்ஸ், ஒரு கல்யாண மண்டபத்தில் பாத்திரம் தேய்க்கும் வேலை என்று சுற்றிவிட்டு, வயதான பெண்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு வந்தேன். ஒரு வீடு முடிந்தால் அடுத்த வீடு. எனக்கு அது தோதாக இருந்தது.

மூன்று வீடுகள் பார்த்த பிறகு எனக்கு ஒன்று பிடிபட்டது. பிள்ளைகள் போனில் சாப்பாட்டையும் மாத்திரையையும் பற்றித்தான் கேட்பார்கள். நான் கால்களைப் பார்ப்பேன். செருப்பு தரையில் இழுபடுகிறதா, திரும்புவதற்கு எத்தனை சின்ன அடி எடுக்கிறார், எழுந்ததும் நடக்கிறாரா, கொஞ்சம் நின்றுவிட்டு நடக்கிறாரா. குளிக்கும்போது நான் கதவுக்கு வெளியே நின்றால் போதுமா, உள்ளே போக வேண்டுமா என்பது அதிலேயே தெரிந்துவிடும். வாயைத் திறந்து யாரும் சொல்ல மாட்டார்கள்.

நாலாவது வீடு நீலசந்திராவில், மாடியில். அந்த அம்மா சர்ச் பள்ளிக்கூடம் ஒன்றில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவே டீச்சரம்மா என்றுதான் கூப்பிடும். கணவர் போய்ப் பல வருஷம். ஒரே மகள் புனேயில். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு ஒரு மணி நேரம் முன்பே ஆட்டோ பிடித்துப் போய் முன் வரிசையில் உட்கார்ந்துவிடுவார். எல்லோரும் போன பிறகுதான் எழுந்திருப்பார். பக்தி என்று மற்றவர்கள் நினைத்தார்கள். தான் நடப்பதை யாரும் பார்க்கக் கூடாது, அவ்வளவுதான்.

வீட்டுக்குள் நாற்காலி, தையல் மிஷின், ஃப்ரிட்ஜ் எல்லாம் கைக்கு எட்டும் தூரத்தில் வரிசையாக இருந்தன. நடு நடுவே சுவர். அந்தச் சுவரில் இடுப்பு உயரத்துக்கு உள்ளங்கை பட்டுப்பட்டுக் கறுத்த கோடு ஒன்று படுக்கையறையிலிருந்து சமையலறை வரைக்கும் போனது. இன்னொன்றையும் முதல் வாரத்திலேயே பார்த்துவிட்டேன். நடந்துகொண்டிருக்கும்போது ஏதாவது கேட்டால் நின்றுவிடுவார். பதில் சொல்லி முடித்த பிறகுதான் கால் நகரும். நடப்பதற்கே முழு மனசும் தேவைப்பட்டது.

மகள் ஒரு கைக்கடிகாரம் அனுப்பியிருந்தார். எத்தனை அடி நடந்தோம் என்று எண்ணி, புனேயில் இருக்கும் போனுக்குச் சொல்லிவிடும். அடிகள் குறைந்துகொண்டே போனால் சந்தாபுரா பக்கம் இருக்கும் முதியோர் இல்லத்தில் சேர்த்துவிடுவதாக மகள் சொல்லியிருந்தார். டீச்சரம்மாவுக்கு உயிர் போனாலும் அந்த வீட்டை விட்டுப் போகக் கூடாது. அவரும் கணவரும் சேர்ந்து கட்டின வீடு. வேறு காரணம் அவர் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

ஒரு நாள் கடைக்குக் கிளம்பினேன். கடிகாரத்தைக் கழற்றி என் கையில் கட்டிவிட்டார். கொஞ்சம் நடந்துவிட்டு வா என்றார்.

எனக்குக் கொஞ்சமாக நடக்கத் தெரியாது. கத்தரிக்காய் வாங்கப் போனவள் ஆஸ்டின் டவுன் தாண்டி, கால் போன போக்கில் சிவாஜி நகர் வரைக்கும் போய்விட்டுத் திரும்பினேன். சாயங்காலம் மகள் போன் செய்து, எங்கே மம்மி போனீங்க என்று ஆச்சரியமாகக் கேட்டார். பாட்டுப் பயிற்சிக்கு சர்ச்சுக்குப் போனேன் என்று டீச்சரம்மா சமாளித்தார். போனை வைத்ததும் என்னைப் பார்த்தார்.

"எனக்கு எழுபத்தெட்டு வயசுடி. நான் என்ன தபால்காரனா?"

அன்றைக்கு இரண்டு பேரும் சிரித்தோம். அந்த வீட்டில் நாங்கள் சேர்ந்து சிரித்தது அதிகமில்லை. மறுநாளிலிருந்து கடைக்குப் போகும்போது மட்டும் கட்டிக்கொள்வேன், வந்ததும் கழற்றிக் கொடுத்துவிடுவேன். கணக்கு டீச்சர் இல்லையா, எவ்வளவு நடந்தால் நம்புவார்கள் என்று அவருக்குத் தெரியும்.

அவர் போட்ட கணக்கில் ஒன்று மட்டும் பிசகிவிட்டது. மகள் நம்பிவிட்டார். நம்பியதால், அம்மா இவ்வளவு நன்றாக நடக்கும்போது நாள் முழுக்க ஆள் எதற்கு, காலையில் மட்டும் வந்தால் போதும் என்று சொல்லிவிட்டார். முழு நாளும் ஆள் வேண்டும் என்று சொன்னால் ஏன் என்று கேட்பார். டீச்சரம்மா சரி என்றார். நானும் பேசாமல் இருந்தேன். மதியத்துக்கு மேல் அவர் தனி. நான் மதியத்துக்கு மேல் ஊரெல்லாம் நடந்தேன்.

ஒரு மாதம் போயிருக்கும். ஒரு நாள் காலையில் போனபோது டீச்சரம்மாவின் கை முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் கறுத்துப்போயிருந்தது. முந்தின நாள் மத்தியானம் ஃப்ரிட்ஜுக்கும் மேஜைக்கும் நடுவில் விழுந்திருக்கிறார். எழுந்திருக்க முடியாமல் இருட்டும் வரை தரையிலேயே உட்கார்ந்திருக்கிறார். கீழ் வீட்டில் டிவி ஓடுவது கேட்டதாம். கூப்பிடவில்லை.

ஏன் என்று கேட்டேன்.

"கூப்பிட்டா வருவாங்க. வந்தா பாப்பாங்க. நீ வாயைத் திறக்காதே."

மூன்று நாள் திறக்கவில்லை. நாலாவது நாள் மாடிப்படியில் உட்கார்ந்து மகளுக்குப் போன் செய்தேன். கடிகாரத்தை யார் கட்டிக்கொண்டு நடந்தது என்பதையும் சொன்னேன். சனிக்கிழமை வருகிறேன் என்று மட்டும் சொன்னார்.

வந்தவர் முதல் காரியமாக நாற்காலிகளையும் மேஜையையும் ஓரமாகத் தள்ளிவிட்டு, சோபாவில் உட்கார்ந்து, நடந்து காட்டுங்க மம்மி என்றார். டீச்சரம்மா முழுக்கை ரவிக்கை போட்டிருந்தார். என்னை ஒரு தரம் பார்த்தார். பிறகு நடந்தார். எதையும் பிடிக்கவில்லை. உதட்டை இறுக்கிக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல், இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரைக்கும் போனார். நேராகத்தான் போனார். நானே அப்படிப் பார்த்ததில்லை.

மகள் முகத்தில் நிம்மதி வந்தது. என் பக்கம் திரும்பியபோது அது போய்விட்டது. பழையபடி முழு நாள் வேலை வேண்டும் என்பதற்காக நான் கதை கட்டினேன் என்று நினைத்துவிட்டார். அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. அப்படியே விட்டிருந்தால் டீச்சரம்மா அந்த வீட்டிலேயே இருந்திருப்பார். தனியாக.

டீச்சரம்மா திரும்பி நடக்க ஆரம்பித்தார். ஹாலின் நட்டநடுவில் வரும்போது கேட்டேன்.

"டீச்சரம்மா, மதியத்துக்கு என்ன வைக்கட்டும்?"

கால் நின்றது. கை பக்கவாட்டில் எதையோ தேடியது. அங்கே எதுவும் இல்லை.

"ரசம்," என்றார். குரல் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கால் மறுபடி கிளம்பவில்லை. தரையோடு ஒட்டியதுபோல நின்றார். உடம்பு மட்டும் முன்னால் சாய்ந்தது. நானும் மகளும் ஒரே சமயத்தில் ஓடிப்போய்ப் பிடித்தோம். மகள் பிடித்த கை அந்த அடிபட்ட கை. வலியில் டீச்சரம்மா முகம் சுருங்கியதை மகள் பார்த்தார். ரவிக்கைக் கையை மேலே தள்ளிப் பார்த்தார். அதற்குப் பிறகு யாரும் எதுவும் கேட்கவில்லை. ரசம் வைத்தேன். மூன்று பேரும் தனித்தனியாகச் சாப்பிட்டோம்.

மாதக் கடைசியில் வீட்டைப் பூட்டிச் சாவியை மகள் எடுத்துக்கொண்டு போனார்.

ஒரு தடவை சந்தாபுரா இல்லத்துக்குப் போய்ப் பார்த்தேன். சுத்தமான இடம். விழுந்துவிடுவார்கள் என்று பயந்து யாரையும் தானாக எழுந்திருக்க விடுவதில்லை. மணியை அழுத்தினால் ஆள் வரும், சக்கர நாற்காலி வரும். டீச்சரம்மா கொஞ்சம் சதை போட்டிருந்தார். கையில் கறுப்பு போயிருந்தது. பக்கத்துக் கட்டிலில் இருந்த அம்மாவிடம் என்னைக் காட்டி, "இவதான் என்னைக் காட்டிக் கொடுத்தவ. ஒரு கேள்வியிலே என் வீட்டைக் காலி பண்ணிட்டா," என்றார். அந்த அம்மா சிரித்தார். டீச்சரம்மா சிரிக்கவில்லை, கோபமாகவும் இல்லை.

அவர் காலைப் பார்த்தேன். பாதம் வீங்கிப் பளபளவென்று இருந்தது. யாரும் நடக்கவே விடாத கால்.

கிளம்பும்போது என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டார். "இங்க ஆள் பத்தலையாம். கேட்டு வெச்சிருக்கேன். நீ வந்தா ராவும் பகலும் இங்கேயே தங்கிக்கலாம். காலையிலே ஒரு பத்து அடி என்னை நடக்க வெச்சாப் போதும்."

அடுத்த வாரம் வருகிறேன் என்று சொன்னேன். சொல்லும்போது அந்த எண்ணம் இருந்தது. வெளியே வந்து அந்தக் கட்டடத்தின் நீளத்தையும் கேட்டையும் பார்த்தேன். ராத்திரியும் பகலும் அதற்குள்ளேயே இருப்பதை நினைத்துப் பார்த்தேன். அடுத்த வாரம் ஓசூர் பக்கம் ஒரு வீட்டில் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன்.

அந்த இல்லத்துக்குப் பிறகு போகவில்லை. அவரை யாராவது நடக்க வைத்தார்களா என்று எனக்குத் தெரியாது.