தெருமுனையில் எவர்சில்வர், நசீமா வீட்டில் காகிதம்

நசீமாவின் வீட்டுக்கு அந்தக் காகிதக் கோப்பைகளைக் கொண்டுபோய்க் கொடுத்தவள் நான். பழி அவள்மீது விழுந்தபோது வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தவளும் நான்தான்.

சொல்லிவிட்டேன்! இனி நீங்கள் என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளலாம். ஆனால் பாதியில் எழுந்து போய்விடாதீர்கள். நான் தோற்ற கதை மட்டுமல்ல இது. எங்கள் தெரு ஜெயித்த கதையும் இதற்குள் இருக்கிறது. அதைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் உயரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

திருவனந்தபுரத்தில், கிழக்கேகோட்டையிலிருந்து நடந்தே வந்துவிடக்கூடிய தெரு எங்களுடையது. நாஞ்சில் நாட்டிலிருந்து வந்து குடியேறிய எங்களைப் போன்ற குடும்பங்கள் பாதி, மலையாளிகள் மீதி. தெருவின் உட்கோடியில் நசீமா வீடு. தென்காசிப் பக்கத்துத் தமிழ் முஸ்லிம் குடும்பம். அவள் கணவர் ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கிறார், மகள் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள்.

கொள்கை இல்லாதவள் என்று என்னை யாரும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் விட்டிருக்கவும் மாட்டேன்! குப்பையைப் பிரிக்காமல் வாசலில் வைத்தவர்களை நடுத்தெருவில் நிறுத்திக் கேள்வி கேட்டவள் நான். ஃப்ளெக்ஸ் பேனர் கட்ட வந்த இரண்டு கட்சிக்காரர்களையும், கட்சி பேதம் பார்க்காமல், கயிறும் கையுமாகத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். சாமி கும்பிடுவேன், ஆனால் சாமியின் பெயரால் ஒரு மனிதரை ஒதுக்கினால் அந்த இடத்தில் நிற்க மாட்டேன் என்று ஆண்டு விழா மேடையில் முழங்கியிருக்கிறேன். குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் பதவி எனக்கு எப்படி வந்தது என்று நினைக்கிறீர்கள்? எல்லாம் இந்த வாயால்தான்.

ஆற்றுகால் பகவதிக்குப் பெண்கள் பொங்கலிடும் பொங்காலையன்று எங்கள் ஊரைப் பார்க்க வேண்டும். கோயிலைச் சுற்றி வெகுதூரத்துக்குத் தெருவெல்லாம் பெண்கள்! மூன்று செங்கல், ஒரு மண்பானை, அரிசி, வெல்லம்... எங்கிருந்தெல்லாமோ வந்து, முன்பின் தெரியாதவர் வீட்டு வாசலில் அடுப்புக் கூட்டுவார்கள். அன்றைக்கு யார் வீட்டுக் கதவும் அவர்களுக்காகத் திறந்திருக்கும்.

நசீமாவும் இந்தத் தெருவுக்கு மருமகளாக வந்த வருடத்திலிருந்து கதவைத் திறந்து வைத்தாள். குடம் குடமாகத் தண்ணீர் பிடித்து வைப்பாள். கைக்குழந்தையோடு வந்தவர்களை உள்ளே கூப்பிட்டு விசிறியின்கீழ் உட்கார வைப்பாள். குளியலறையைக் காட்டிக் கொடுப்பாள். இதற்காக அவள் ஒரு நாளும் மேடை ஏறியதில்லை.

இரண்டு வருடங்களுக்கு முந்தைய பொங்காலை அது. 'எங்கள் தெருவில் ஒரு காகிதக் கோப்பை கூட இருக்காது, வந்து பாருங்கள்' என்று வார்டு கவுன்சிலரிடம் சவால் விட்டிருந்தேன். பொங்காலைக்கு முதல் நாள் மாலை, தண்ணீர் கொடுக்க நான் கேட்டிருந்த டம்ளர்களில் பாதிதான் வாடகைப் பாத்திரக் கடையிலிருந்து வந்தன. ஊரே டம்ளருக்கு அலையும் நாள். அவர்களையும் குற்றம் சொல்ல முடியாது.

வீட்டுக்கு நான்கு டம்ளர் கேட்டு வாங்கியிருந்தால் முடிந்திருக்கும் காரியம். கேட்பதா? எல்லாம் தயார் என்று காலையில்தான் மார்தட்டிய நானா?

காகிதக் கோப்பைகளை வாங்கினேன். உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் பூசிய, மண்ணில் மக்காத அதே கோப்பைகள்! கவுன்சிலர் வரப்போகும் தெருமுனைத் தண்ணீர்ப் பந்தலில் எவர்சில்வர் டம்ளர்கள் அத்தனையையும் அடுக்கினேன். கோப்பைக் கட்டுகளைப் பழைய புடவையில் சுற்றி உட்கோடிக்குக் கொண்டுபோனேன்.

“சேச்சி, பேப்பர் கப்பு பாடில்ல, கூடவே கூடாதுன்னு நீங்கதானே எல்லார்கிட்டயும் சொன்னீங்க?” என்றாள் நசீமா.

“இங்க ஆரு வந்து பாக்கப் போறா? நீ குடு,” என்றேன்.

கவுன்சிலர் வந்தார், படம் எடுத்தார், பாராட்டினார். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

அன்று மாலை யாரும் எதிர்பாராத மழை. காற்றில் உருண்ட கோப்பைகள் எல்லாம் தெருவோரக் கழிவுநீர் ஓடையில் போய் அடைத்துக்கொண்டன. அடுப்புச் சாம்பல் கலந்த கறுப்புத் தண்ணீர் ஏழெட்டு வீடுகளுக்குள் ஏறியது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூட்டம். சங்கத் தலைவர் சிவதாணு அண்ணாச்சி எழுந்தார்.

“பேப்பர் கப்பு எந்த வீட்டுலேருந்து வந்துன்னு எல்லாருக்கும் தெரியும்லா? அவங்களுக்கு நம்ம பொங்காலைன்னா ஒரு இளக்காரம், பாத்துக்கிடுங்க.”

தலைகள் ஆடின. நசீமா கடைசி நாற்காலியில் இருந்தாள். அவள் அண்ணாச்சியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

உண்மையை அவளே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை... நான் சொல்வேன் என்று காத்திருந்தாள். அது எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் குனிந்து சங்கத்து நோட்டில் எழுதினேன்: 'சம்பந்தப்பட்ட வீட்டாருக்கு அறிவுரை கூறப்பட்டது.' என் கையெழுத்து எப்போதும் முத்து முத்தாக இருக்கும். அன்றும் இருந்தது.

ஏன் அப்படிச் செய்தேன்? பதவிக்காகவா? பயத்தாலா? எத்தனையோ முறை கேட்டுப் பார்த்துவிட்டேன். பதில் இவற்றைவிடக் கேவலமானது. அவள் பெயரைச் சொன்னால் இந்தத் தெரு மறுகேள்வி கேட்காமல் நம்பிவிடும் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. அந்த நம்பிக்கைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். மதச்சார்பின்மை பேசிய நான்!

மறு வருடப் பொங்காலையில் நசீமா வீட்டு வாயிற்கதவு பூட்டியிருந்தது. கைக்குழந்தையோடு ஒரு பெண் அந்தக் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு, வெயிலில் திரும்பி நடந்தாள். என் பானை பொங்கி வழிந்தது. சுற்றியிருந்தவர்கள் குரவையிட்டார்கள். எனக்கு நாக்கு எழவில்லை.

அப்போதாவது சொன்னேனா? இல்லை. இன்னும் ஏறக்குறைய ஒரு வருடத்தை விழுங்கினேன்.

இந்த ஆண்டுப் பொங்காலைக்கு முந்தைய கூட்டத்தில் அண்ணாச்சி ஒரு தீர்மானம் கொண்டுவந்தார்.

“இனிமே தண்ணிப் பந்தலு நம்ம ஆளுக வீட்டு முன்னால மட்டும் போதும். எழுதிக்க வசந்தா.”

நம்ம ஆளுக! என் கோப்பைக் கட்டுகள் எங்கே வந்து நிற்கின்றன, பார்த்தீர்களா? ஒரு பொய், ஒரு தெருவின் சட்டமாகப் போகிறது. அதையும் என் கையாலேயே எழுதச் சொல்கிறார்கள்!

பேனாவை மூடினேன். எழுந்தேன்.

“அந்தக் கப்ப வாங்கினது நான். நசீமா கையில கொண்டு குடுத்ததும் நான். அன்னைக்கி இதே எடத்துல வாய மூடிட்டு இருந்ததும் நான்தான்.”

அண்ணாச்சிதான் முதலில் வாய் திறந்தார்.

“இப்ப எதுக்கு இதைக் கிளறுத? விட்டுக் களை.”

“கிளறாம விட்டதாலதான் அண்ணாச்சி நாறிட்டுக் கெடக்கு! இந்தத் தீர்மானத்த நான் எழுத மாட்டேன். எழுதணும்னு நெனைக்கவங்க கை தூக்குங்க, ஆரு ஆருன்னு பாப்போம்.”

அண்ணாச்சியின் கையோடு சேர்த்து இரண்டே கைகள்! மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். அன்று ஆடிய தலைகள்தான் எல்லாம். அந்தத் தீர்மானம் அங்கேயே செத்தது. நீங்கள் அங்கே இருந்திருக்க வேண்டும்... என் வாழ்க்கையில் அப்படியொரு நிமிர்வை நான் அறிந்ததில்லை.

அன்றே பதவி விலகினேன். நடந்தது முழுவதையும் என் கையெழுத்திலேயே எழுதி, தெருமுனை அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன். வீட்டுக்கு நான்கு டம்ளர் என்று முடிவானது. ஓடையைத் தூர்வார ஆள் தேடவில்லை. மண்வெட்டியோடு முதலில் இறங்கியவள் நான். இரண்டாவதாக இறங்கியவர் யார் தெரியுமா? சிவதாணு அண்ணாச்சி! முகத்தை மட்டும் கடுகடுவென்று வைத்துக்கொண்டார்.

இந்த ஆண்டுப் பொங்காலை... எப்படிச் சொல்வேன்! தெரு முழுக்கப் புகை, குரவை, வெல்ல வாசனை. ஆறு வீடுகளில் தண்ணீர்ப் பந்தல். எங்கு தேடியும் ஒரு காகிதக் கோப்பை இல்லை. மாலையில் ஓடையில் தண்ணீர் தங்குதடையின்றி ஓடியது. சாமியை நம்பிக்கொண்டே சக மனிதரையும் நம்பலாம், மண்ணையும் காக்கலாம். மேடையில் வெறும் வாயால் முழங்கியதை இந்த முறை கண்ணால் கண்டேன்.

ஆம், நசீமா வீட்டு வாயிற்கதவும் அன்று விடியற்காலையிலேயே திறந்தது! உச்சி வெயிலில் அவள் தண்ணீர்க் குடமும் டம்ளருமாக அடுப்பு அடுப்பாக வந்தாள். என்னருகே வந்தபோது எழுந்து நின்றேன்.

“நசீமா... என்ன மன்னிச்சிரு.”

அவள் குரலில் கோபமே இல்லை.

“ரெண்டு வருஷமா எம்மக இந்தத் தெருவுல தலையக் குனிஞ்சுதான் நடந்தா, சேச்சி. கதவத் தொறந்தது தண்ணி தவிச்சு வந்தவங்களுக்கு. உங்களுக்கில்ல.”

அடுத்த அடுப்புக்குக் குனிந்து, ஒரு கிழவிக்குத் தண்ணீர் ஊற்றினாள்.

அவள் சொன்னதில் எந்தச் சொல்லை நான் மறுக்க? நாங்கள் ஜெயித்தோம். அதை யாரிடமும் உரக்கச் சொல்வேன். தெரு முழுவதும் அன்று அவள் கையால் தண்ணீர் குடித்தது. தொண்டை வறண்டிருந்தும் ஒரு டம்ளர் தா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை... இன்றுவரை வரவில்லை.