மெதுவாய்ப் பேசிய துரை

மோட்டார் சைக்கிள் புகை மணம் பனிமூட்டத்தோடு கலந்து வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்குள் நுழைந்தால் பிள்ளைகள் நாங்கள் உள்ளே ஓடிவிடுவோம். லிந்துலைப் பக்கத்தில் நாங்கள் இருந்த தேயிலைத் தோட்டத்துக்கு வெள்ளைக்காரத் துரை வந்துவிட்டார் என்பதற்கு அதுதான் அடையாளம். காலையில் ஆள் பிரித்து வேலை கொடுக்கும் "பெரட்டு"க் களத்தில் அவர் போடும் சத்தம் எங்கள் ஒற்றை அறைக் "காம்பிரா" வரைக்கும் கேட்கும். "பிளடி ஃபூல்" என்றால் திட்டோடு சரி, "கெட் லாஸ்ட்" என்றால் அன்றைக்கு வேலை இல்லை, லயத்துக்குத் தெரிந்த இங்கிலீசு அவ்வளவுதான். சொல்லை யார் கண்டது, சத்தத்தைத்தான் அளந்தோம். "கத்துற மனுசன் மனசுல ஒண்ணும் வச்சுக்க மாட்டாருடி" என்பாள் அம்மா. அதைச் சொல்லிக்கொண்டே கதவைச் சாத்துவாள்.

அவர் சீமைக்குப் போனபின் வந்த புதுத் துரை கத்தவே மாட்டார். அந்த மழைக்காலத்தில், காய்ச்சலில் கிடந்த ஒருத்தியைக் கொழுந்தெடுக்க விரட்டியதற்கு அப்பா பெரட்டில் அவரிடமே நியாயம் கேட்டுவிட்டார். "பத்துச்சீட்டு" கொடுத்து வேலையையும் வீட்டையும் சேர்த்துப் பிடுங்கிவிடுவார்கள் என்று அம்மா அடுப்பு மூட்டாமல் உட்கார்ந்திருந்தாள். பிரஜாவுரிமையும் இல்லாத எங்களுக்கு அந்தக் காம்பிராவை விட்டால் போக்கிடம் ஏது?

அப்பாவோ சிரித்துக்கொண்டே வந்தார். "தொரை தங்கமான மனுசன்! தோளைத் தட்டி, 'நோ ஹார்ட் ஃபீலிங்ஸ்'னு மெதுவாச் சொன்னாரு." அம்மா உடனே ரொட்டி தட்டினாள்.

மறுநாள் காலையில் தோட்டத்து ஆபீஸ் கிளாக்கர் ஐயா வாசலில் வந்து நின்றார்.

"இன்னும் சாமான் கட்டலையாப்பா? மனசுல வச்சுக்காதேன்னு தொரை நேத்தே சொல்லிட்டாரே. ஒருத்தனைக் கைகழுவும்போது அவங்க அப்படித்தான் சொல்லுவாங்க."

"கத்தவே இல்லீங்களே ஐயா" என்றார் அப்பா. ரயிலேறி வட்டவளைச் சித்தப்பா வீட்டுக்குப் போகும் வழியெல்லாம், யாரும் கேட்காமலே, அதையேதான் சொல்லிக்கொண்டு வந்தார்.

அந்தத் துரைமாரும் இல்லை, அப்பாவும் இல்லை. எங்கள் லயம் இருந்த இடத்தில் மானாப்புல் மண்டிக் கிடக்கிறது. கொழும்பில் என் பேத்தி, சண்டை போட்ட தோழியிடம் டெலிபோனில் அதே மூன்று சொல்லைச் சிரித்தபடி சொல்கிறாள். அவள் சமாதானம்தான் பேசுகிறாள், எனக்குத் தெரியாதா? ஆனாலும் எழுந்து போய், வாசல் கதவு பூட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருகிறேன்.