சனிக்கிழமை வாக்காளர்

குடத்தை வகுப்பு வாசலில் இறக்கிவிட்டு, ஈரக்கையை முந்தானையில் துடைத்தபடி, "இன்னைக்கும் எலெக்சனா?" என்று கேட்டுக்கொண்டே பஞ்சம்மாள் உள்ளே வருவாள். விருதுநகரில் எங்கள் கல்லூரிக்குத் தண்ணீர் சுமப்பவள். சனிக்கிழமை மதியம் மட்டும் எங்கள் வாக்காளர்.

அது 1960. குடிமையியல் ஆசிரியர் இராமகிருஷ்ணன் வகுப்பையே வாக்குச்சாவடி ஆக்கிவிடுவார். பட்டாசு அட்டைப்பெட்டிதான் வாக்குப்பெட்டி. சிவகாசி அச்சகம் கழித்த வெடி லேபிள்தான் வாக்குச்சீட்டு. திருப்பினால் கிளிப் படம் இருக்கும். நாங்கள் அதிகாரிகள். விரலில் வைக்க என் பேனா மை. வைத்த கையோடு பஞ்சம்மாள் அதை முந்தானையில் துடைத்துவிடுவாள். "பொய் ஓட்டுக்கு மை எதுக்கு தம்பி?"

லேசுப்பட்ட வாக்காளர் இல்லை. முக்காடு போட்டுக்கொண்டு இரண்டாம் தடவையும் வந்து நிற்பாள். எங்களில் ஒருவன் தவறாமல் ஏமாந்து சீட்டைக் கொடுப்பான். "இம்புட்டுத்தானா ஒங்க படிப்பு?" என்று சிரிப்பாள்.

ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் வாய் திறக்கமாட்டாள்.

"வீட்டுக்காரர் பேரு?"

"கட்டுன பொம்பள அத வாயால சொல்லுவாளா?"

ஒருநாள் நான் சட்டம் பேசினேன். "சொல்லாட்டி ஓட்டு இல்லக்கா." வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

"போன எலெக்சன்ல எங்க ஊர்லயும் இதத்தான் சொன்னாக. விடியமுன்ன போயி வரிசையில நின்னவ, போடாமத் திரும்பி வந்தேன். எங்காத்தா காலத்துல ஓட்டே கெடையாது. எனக்குக் கெடச்சும் என்ன?"

இத்தனை சனிக்கிழமையும் அவள் விளையாடியது விளையாட்டில்லை என்று அப்போதுதான் புரிந்தது. எனக்கு வெட்கமாகப் போயிற்று.

"என்ன செஞ்சா சரியா இருக்கும்மா?" என்று கேட்டார் ஆசிரியர்.

"பேர ஆபீசருக வாசிக்கட்டும். நான் தலைய ஆட்டுதேன். அதுல என்ன கொறஞ்சு போச்சு?"

ஆசிரியர் அதை அப்படியே கரும்பலகையில் எழுதிப்போட்டார். பரீட்சைக்குப் படித்ததில் பாதி மறந்துவிட்டது. அந்த வரியும், அந்த வகுப்பின் வெடிப்பெட்டி வாசனையும் இன்னும் போகவில்லை.

1962 தேர்தலில், பள்ளி ஆசிரியனாகிவிட்ட என்னை அவள் ஊர் வாக்குச்சாவடிக்கே அதிகாரியாக அனுப்பினார்கள். வரிசையில் வந்தாள். தெரிந்தவள் போலக் காட்டிக்கொள்ளவில்லை. கண் மட்டும் என் உதட்டின் மேல் இருந்தது.

"சோலைமலை மனைவி பஞ்சம்மாள். சரிதானாம்மா?"

தலையை ஆட்டினாள். மை வைத்தேன்.

வாக்களித்துவிட்டு வெயிலில் இறங்கியபோது காற்றில் முந்தானை நழுவியது. வலக்கையால் இழுத்துச் செருகிக்கொண்டாள். இடக்கையின் ஆள்காட்டி விரலை மட்டும், சேலையில் பட்டுவிடாமல் தூக்கிப் பிடித்தபடியே நடந்தாள்.