வாசல்வரை ஓடி வந்த டாக்டரம்மா

அந்த டாக்டரம்மாவின் பெயரைக் கடைசிவரை நான் கேட்கவில்லை. ஒல்லியான உருவம், கஞ்சி போட்ட பருத்திப் புடவை. நோயாளியிடம் பேசும்போது பேனாவை மூடி மூடித் திறப்பார்.

இரண்டாயிரத்தை ஒட்டிய வருடங்கள். காசிமேட்டில் மீன் விற்கும் என் அண்ணிக்கு நெஞ்செரிச்சலும் முதுகுவலியும். ராயபுரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் அவரிடம் அழைத்துப் போனேன்.

"கூடை தூக்குறீங்க, வலிக்கத்தான் செய்யும். வாய்வும் இருக்கும்" என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

நாங்கள் ஆட்டோவில் ஏறும்போது வாசலுக்கு ஓடி வந்தார். "இறங்குங்கம்மா, ஈசிஜி எடுத்துப் பார்த்துடலாம்."

பார்த்தால் மாரடைப்பு. உடனே சிகிச்சை கொடுத்ததால் அண்ணி பிழைத்தார்.

மறுநாள் பயிற்சி டாக்டர்களோடு கட்டிலருகே வந்தவர் அவர்களிடம் சொன்னார்: "இவங்களை வாய்வுன்னு அனுப்பினது நான்தான். இதே வலியோட ஒரு பேங்க் மேனேஜர் வந்திருந்தா உடனே ஈசிஜி எடுத்திருப்பேன். மீன்காரம்மான்னதும் வலியை முழுசா விசாரிக்கல. எனக்கே தெரியாம நடந்தது. உங்களுக்கும் நடக்கும்."

அண்ணிக்குத்தான் பொறுக்கவில்லை. "இன்னாம்மா நீ, இத்தினி பேரு எதிர்ல உன்னியே கொறச்சுப் பேசிக்கினு கீற? எனுக்காவ ஓடியாந்தது நீதானே!"

அவர் சிரித்தார். சொன்னதை மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை.

"எங்க டாக்டரம்மா" என்று அண்ணி மார்க்கெட் முழுக்கப் பெருமை பேசினார். எனக்கும் அந்தப் பெருமை இன்றுவரை குறையவில்லை. வரிசையில் அத்தனை பேர் காத்திருக்கும்போது, அனுப்பிவிட்ட ஒருத்தியை நினைத்து அவரை எழுந்து ஓட வைத்தது எது என்பதுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை.