உப்பு என்று நான் சொன்ன மூட்டை

புத்தூரைத் தாண்டி, ரேணிகுண்டாவை நோக்கித் தண்டவாள ஓரமாக நடந்துகொண்டிருந்தேன். சித்தூர் ஜில்லா ஆந்திராவோடு சேர்ந்து, நகரி ஆந்திரா பக்கம் நிற்குமா மதராஸ் பக்கம் நிற்குமா என்று டீக்கடையில் தினமும் சண்டை நடந்த வருடங்கள் அவை. எனக்கு இரண்டு பக்கமும் ஒன்றுதான். எட்டாவது பாதியில் படிப்பை விட்டு, கிடைத்த வேலையைச் செய்துகொண்டு திரிந்தவன். ஆனால் அன்று பத்தடிக்கு ஒருமுறை நகரி இருந்த திசையைத் திரும்பிப் பார்த்தேன்.

அங்கே ஒரு சாயப்பட்டறையில் மூன்று மாதம் இருந்தேன். பட்டறையை நடத்தியவர் கணவரை இழந்த ஒரு பெண். என் வயதுதான் இருக்கும். எல்லோரும் அவரை அக்கா என்பார்கள். எனக்கு மட்டும் அந்த வார்த்தை வாயில் வரவில்லை. எதுவும் சொல்லிக் கூப்பிடாமலே மூன்று மாதத்தை ஓட்டினேன்.

மழைக்காலத்தில் ஒரு பெரிய தறிக்காரர் கல்யாணச் சேலைகளுக்கான நூலை எங்களிடம் கொடுத்தார்.

"இது மட்டும் நல்லா வந்துட்சின்னா வருசம் பூரா நூலு வரும்பா. நீயும் ஊரு ஊரா சுத்திக்கினு இருக்க வேணாம்" என்றார் பட்டறைக்காரம்மா. அதைக் கேட்டு இரண்டு நாள் காரணமில்லாமல் சிரித்துக்கொண்டு திரிந்தேன்.

சாயம் நூலில் பிடிக்கத் தொட்டியில் உப்பு போட வேண்டும். வழக்கமான உப்பு வண்டி மழையில் வரவில்லை. வேறொரு வண்டிக்காரர் முத்திரை இல்லாத மூட்டை ஒன்றை உப்பு என்று சொல்லி இறக்கிவிட்டுப் போனார். பட்டறைக்காரம்மா அதில் ஒரு துளியை நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"இன்னாப்பா இது, சில்லுனு கீது? உப்பு இப்டியா இருக்கும்? இரு, ஒத்த நூல நனைச்சுக் காய வச்சுப் பாத்துக்கலாம்."

எதையும் முதலில் ஒற்றை நூலில் பார்ப்பது அவர் வழக்கம். நானோ குப்பம் ஊர்ப் பக்கம் கல்குவாரியில் வெடிமருந்து இடித்தவன். நாக்கில் சில்லென்று இருப்பது வெடியுப்பு. வெடியுப்பைத் தணலில் போட்டால் தணல் சீறிப் பிரகாசமாகும் என்று எனக்குத் தெரியும். ஒரு சிட்டிகை எடுத்து அடுப்புத் தணலில் போட்டேன். சுர்ரென்று அடங்கிவிட்டது.

"வெடியுப்பா இருந்தா இந்நேரம் என் மீசை போயிருக்கும்" என்றேன்.

"மீசை இருந்தாத்தானே போறதுக்கு" என்று சிரித்தபடி, ஒற்றை நூலை மறந்து, மூட்டையைத் தொட்டிப் பக்கம் இழுத்தார். மூட்டை மழையில் ஊறியிருந்ததை நான் யோசிக்கவே இல்லை.

நூல் அழகான சிவப்பில் வந்தது. வெயில் இல்லாததால் அடுப்பு ஓரமாகக் கொடி கட்டி நூல் கற்றைகளைச் சிட்டம் சிட்டமாகத் தொங்கவிட்டோம். மறுநாள் காலை சிட்டங்களின் நுனியில் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. தட்டிவிடலாம் என்று போனேன். அடுப்பிலிருந்து ஒரு பொறி தெறித்தது. தீ எழும்பவே இல்லை, நூலுக்குள்ளேயே சிவந்த கோடாக ஓடியது. குடத்தைத் தூக்குவதற்குள் பாதிக்கு மேல் கருகிவிட்டது. கூரை தப்பியது.

அவர் திட்டவில்லை. ஒரு நூலைச் சமையல் உப்புக் கரைசலிலும், இன்னொன்றை அந்த மூட்டை உப்பின் கரைசலிலும் நனைத்து, நன்றாகக் காயவைத்து, இரண்டின் நுனியிலும் நெருப்பு வைத்தார். முதல் நூல் கொஞ்சம் எரிந்து அணைந்தது. இரண்டாவது கடைசி வரை சரசரவென்று ஓடியது.

"ஈரத்துல கேட்டா அது இன்னா சொல்லும்? காய வச்சுத்தான் கேக்கணும்" என்றார். பிறகு, "தறிக்காரர்கிட்ட நான் பேசிக்கிறேன். நீ துன்னுட்டு வா, தொட்டியக் கழுவணும்" என்றார்.

'போகாதே, இங்கேயே இரு' என்பதைத்தான் அப்படிச் சொன்னார். அது எனக்குப் புரிந்தது. ஆனால் என் பேச்சை நம்பியதற்காக அவர் தறிக்காரர் முன் தலைகுனிந்து நிற்பதைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. தொட்டியைக் கழுவிக் கவிழ்த்தேன். மத்தியானம் அவர் தறிக்காரர் வீட்டுக்குப் போயிருந்தபோது சொல்லாமல் கிளம்பினேன்.

மறுநாள் காலை ரேணிகுண்டாவில் ரயில் இன்ஜினிலிருந்து சாம்பல் அள்ளும் வேலையில் சேர்ந்தேன். எத்தனை நாள் இருப்பாய் என்று மேஸ்திரி தெலுங்கில் கேட்டார். மண்வெட்டியை வாங்கிக்கொண்டேன். தப்பு செய்த இடத்திலேயே நின்று கருகாத மீதி நூலை அலசி அதற்கு மறுபடி சாயம் ஏற்றியிருந்தால், இன்று யாராவது எந்த ஊர் என்று கேட்கும்போது நகரி என்று சொல்லியிருப்பேன்.