சாப்பிடக் கூப்பிட்ட குரல்

என் தம்பியைத் திரையில் பார்த்தால் உங்களுக்குச் சிரிப்பு வரும். எனக்கு வயிறு எரியும். கூடப் பிறந்தவள் இப்படிப் பேசலாமா என்று கேட்காதீர்கள். முழுக்கக் கேட்டுவிட்டு அப்புறம் என்னைத் திட்டுங்கள்.

அப்பா போனபோது அவன் கைக்குழந்தை. அண்ணன் படிப்பை விட்டுவிட்டுத் தையல் மெஷினில் உட்கார்ந்தார். எங்கள் இரண்டு பேரையும் கரையேற்றியது அந்த மெஷின்தான். அண்ணனுக்குத் திக்குவாய். மற்றதெல்லாம் சரளமாக வரும், 'த' வரிசை மட்டும் மக்கர் பண்ணும். பாருங்கள் கொடுமையை, அவருக்குத் தையலும் துணியும் தம்பியும் அந்த வரிசையில்தான் வந்து வாய்த்தன.

தம்பிக்குச் சின்ன வயதிலிருந்தே மேடைப் பைத்தியம். முதல் நிகழ்ச்சி ஒரு ஹோட்டல் மாடியில். அண்ணன் தைத்துக் கொடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு நின்றான். மனப்பாடம் பண்ணிய ஜோக்கெல்லாம் சப்பென்று போனது. ஒரு ஆள் கொட்டாவி விட்டார். இவனுக்கு வேர்த்துக் கொட்டியது. சட்டென்று முன்வரிசையில் இருந்த அண்ணனைக் காட்டினான்.

"எங்கண்ணன் என்னைச் சாப்பிடக் கூப்பிடுவாருங்க. த... த... தம்பின்னு அவர் முடிக்கிறதுக்குள்ள நான் சாப்பிட்டுக் கை கழுவிட்டு வந்துடுவேன்."

கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி சிரிப்பு. அண்ணனும் சிரித்தார், கைகூடத் தட்டினார்.

அதற்கப்புறம் அவன் அதை விடவே இல்லை. டிவியில் சொன்னான், சினிமாவில் சொன்னான். 'தத்தம்பி' என்றே அவனுக்குப் பெயர் வந்துவிட்டது. தையல் கடைக்கு வருகிறவர்கள் அண்ணனிடமே அதைச் சொல்லிக் காட்டிவிட்டுச் சட்டை ரெடியா என்று கேட்டார்கள். நான் தம்பியைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கினேன். அண்ணனே சிரிக்கிறாரே அக்கா என்றான்.

"சிரிக்காம என்னடா பண்ணுவாரு? அத்தன பேர் நடுவுல அழச் சொல்றியா?" என்றேன். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு போனான்.

அண்ணன் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. பேச்சில் அந்தத் 'த' வரிசையையே விட்டுவிட்டார், அவ்வளவுதான். தண்ணீர் வேண்டுமென்றால் செம்பைக் காட்டினார். தையல் கடை, டெய்லர் கடை ஆனது. தம்பி வாசலில் வந்து நின்றால், "வாங்க" என்றார்.

தூக்கி வளர்த்த பிள்ளையை வாங்க போங்க என்றால் என்ன அர்த்தம்? பேரும் புகழும் வந்ததால் அண்ணன் மரியாதை கொடுக்கிறார் என்று ஊர் நினைத்தது. தம்பிக்குப் புரிந்துவிட்டது. அந்த வசனத்தை இனிமேல் சொல்ல மாட்டேன் என்று டைரக்டர்களிடம் மல்லுக்கு நின்றான். அதைத் தவிர உன்னிடம் என்ன இருக்கிறது என்று கேட்டார்கள். வாய்ப்பு குறைந்தது. ஓய்ந்த நாளெல்லாம் கடையில் வந்து, வெட்டிப்போட்ட துணித்துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். எதற்கு வருகிறான் என்று எனக்குத் தெரியும். ஒரே ஒரு தடவை அண்ணன் வாயால் தம்பி என்று கேட்க வேண்டும், வேறொன்றுமில்லை.

அண்ணன் நெஞ்சுவலியில் படுத்தார். ஆஸ்பத்திரியில் தம்பி கட்டில் காலைவிட்டு நகரவில்லை. "அண்ணே, ஒரு தடவ கூப்பிடுங்கண்ணே" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினான். அண்ணன் உதட்டைக் கூட்டினார், நாக்கு பல்லில் போய் முட்டியது. பிறகு உதட்டைத் தளர்த்திக்கொண்டு கேட்டார்.

"சாப்பிட்டீங்களா?"

மறுநாள் போய்விட்டார்.

வாசலில் கூட்டம். பாதிப் பேர் அண்ணனுக்காக வரவில்லை, நடிகனைப் பார்க்க வந்தவர்கள். தம்பி தலைமாட்டில் நின்றான், அழக்கூட இல்லை. போனைத் தூக்கிப் பிடித்த ஒருத்தன், தம்பி முகம் தெரியவில்லை என்பதால் அவனைத் திருப்பப் பின்னாலிருந்து குரல் கொடுத்தான்.

"த... த... தம்பி!"

அதே இழுப்பு, அதே இடத்தில் மூச்சு. அச்சு அசல் அண்ணன் குரல். இருக்காதா பின்னே, ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவன் இவன்தானே.

என் தம்பி சடாரென்று திரும்பினான். முகமெல்லாம் அப்படி ஒரு வெளிச்சம்.

"என்னண்ணே?" என்றான்.